இண்டைக்குப் பாதை ஓடல்ல

ஒரு பயிற்சிக்காகச் சென்னையில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். அறைத்தோழி பக்கத்தில் இருக்க, அம்மாவோடு போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அம்மா சொன்னார், "இண்டைக்குப் பாதை ஓடல்ல புள்ள, காத்துப் பலமா அடிக்குது, அப்பா அங்கால நிண்டுட்டார்." போனை வைத்ததும் தோழி கேட்டாள், "உங்க ஊர்ல பாதை ஓடுமா?"

ஓடும் என்றேன். சில நாள் பழுதாகி நிற்கும், சில நாள் கரை தட்டும், திருவிழா நாளில் இரவிரவாக ஓடும். அவள் சிரித்துவிட்டு அப்புறம் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினாள். எனக்கும் அதுவரை தோன்றவில்லை. பாதை என்றால் மற்றத் தமிழர்களுக்கு நடக்கிற வழி என்பது தெரியும், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் படித்தேன். ஆனால் அந்தப் பாதையும் ஆற்றில் ஓடுகிற எங்கள் பாதையும் ஒரே சொல் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

நான் மண்டூர். மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கு மேற்குப் பக்கம். எதிர்க்கரை குருமண்வெளி. இரண்டுக்கும் நடுவில் பயணிகளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற தட்டையான இரும்புத் தளத்துக்குத்தான் பாதை என்று பெயர். பத்திரிகைக்காரர்கள் குழப்பம் வரக் கூடாது என்று 'படகுப்பாதை' என்று எழுதுவார்கள். வீட்டில் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுவதும் பாதைதான். ஒரு காலத்தில் திருகோணமலைக்குக் கடற்கரை வழியாகப் போனால் வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று பாதைக்கு மேல் பாதை ஏறி இறங்க வேண்டும். அந்தப் பயணத்தைப் பற்றி மாமா சொல்லும்போது ஊர்களின் பெயரைவிடப் பாதைகளின் பெயர்தான் அதிகம் வரும்.

ஏன் இந்தப் பெயர் என்று மொழி படித்தவர்கள் சொல்லட்டும். என் ஊகம் எளிமையானது. றோட்டு ஆற்றில் வந்து முடிகிறது, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது, நடுவில் காணாமல்போன துண்டு இங்கும் அங்கும் போய்வந்துகொண்டிருக்கிறது. அதில் ஏறினால் பயணம் போகிறோம் என்ற நினைப்பே வராது. றோட்டில் நிற்கிறோம், றோட்டு எங்களைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான்.

ஆறு என்று சொல்கிறேனே, அது ஆறும் இல்லை. கடலோரமாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி. ஆனால் "வாவி" என்பது மேடையில் பேசுகிறவர்களின் சொல். வலை வீசப் போகிறவரும் மாடு குளிப்பாட்டுகிறவரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் கடல், பிரதான வீதி, பஸ், வங்கி, பெரிய ஆஸ்பத்திரி. எங்கள் பக்கம் வட்டை, குளம், மாட்டுப்பட்டி, கோயில், யானை. வட்டை என்றால் வயல்வெளி, இதையும் சென்னைத் தோழிக்கு விளக்க வேண்டியிருந்தது.

மண்டூர் தீவா என்று கேட்டால் வரைபடத்தைப் பார்த்து இல்லை என்பீர்கள். மேற்கே தரை இருக்கிறது, வெல்லாவெளிக்கு வீதி இருக்கிறது, அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிக்குடிக்குப் போகலாம். சரிதான். கார்த்திகை பிறந்த பிறகு வந்து பாருங்கள். வாடைக்காற்றோடு மழை ஒரு கிழமை விடாமல் அடிக்கும், நவகிரிக் குளத்தின் வான்கதவைத் திறப்பார்கள், வெல்லாவெளி வீதிக்கு மேலால் வெள்ளம் குறுக்கறுத்து ஓடும். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஆட்களை ஏற்றி அந்த வெள்ளத்தைத் தாண்டுவது ஒரு நாள், இரண்டு நாள் நடக்கும். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. அன்றிலிருந்து நாங்கள் தீவு. பாதை ஒன்றுதான் வழி.

பாதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அடியில் காற்றடைத்த இரும்பு மிதவைகள், மேலே இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் இடுப்பளவுக் கம்பி. முன்னும் பின்னும் இறக்கி ஏற்றுகிற இரும்புப் பலகை, அது துறையில் விழும்போது வருகிற "டாங்" என்ற சத்தம் எங்கள் வளவு வரைக்கும் கேட்கும். ஒரு பக்கமாக எஞ்சின். தகட்டில் மிதித்து மிதித்து நடுவில் பெயின்ட் போய்ப் பளபளவென்று இருக்கும், ஓரங்களில் துரு. பலகைக்கும் துறைக்கும் நடுவில் எப்போதும் ஒரு சாண் இடைவெளி, அதில் மோட்டார் சைக்கிளின் முன்சில்லை எப்படிக் கொடுத்து எப்படித் தூக்கி எடுப்பது என்பது எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பத்து வயதிலேயே தெரியும். வெளியூர்க்காரர் என்றால் அந்த இடத்தில் தெரிந்துவிடும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு தயங்குவார், பின்னால் நிற்கிறவர்கள் ஒன்றும் பேசாமல் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

எஞ்சின் இல்லாத காலத்தில் மரக்கோல் ஊன்றித்தான் தள்ளினார்கள் என்று அப்பப்பா சொல்வார். ஆழம் அதிகம் இல்லை, கோல் தரையைத் தொடும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், அதாவது வைகாசி, ஆனிக்குப் பிறகு, மேற்கிலிருந்து வருகிற காற்று குருமண்வெளிக்குப் போகையில் முதுகில் தள்ளும், திரும்பி வரும்போது நெஞ்சில் தள்ளும். போக ஒரு வெற்றிலை, வர மூன்று வெற்றிலை என்பது அவருடைய கணக்கு. கடிகாரத்தில் எத்தனை நிமிஷம் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

காலையில் பாதை எதிர்க்கரையிலிருந்து ஆசிரியர்களைக் கொண்டுவரும். எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் படிப்பிக்கிறவர்கள் நிறையப் பேர். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் கம்பி, மறு கையில் திருத்திய கொப்பிகள். எங்கள் கணக்கு ரீச்சர் பாதையிலேயே கொப்பி திருத்துவார். மழை நாளில் சிவப்பு மை கலைந்து சரியும் பிழையும் ஒரே நிறமாகக் கிடக்கும். அதைக் காட்டி இரண்டு மார்க்ஸ் கூடக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. பாதை தாமதம் என்றால் பள்ளிக்கூடத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ட்ரெயின் தாமதம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டபோதுதான், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற விஷயமே எனக்குத் தெரியவந்தது.

திரும்பிப் போகிற பாதையில் எங்கள் பக்கத்துச் சாமான் போகும். தயிர்ச்சட்டிகள், வாழைக்குலை, நெல் மூட்டை, சில நாள் கால் கட்டிய ஆட்டுக்குட்டி. தயிர்ச்சட்டியைத் தளத்தில் வைக்கிறவர்கள் நடுவில்தான் வைப்பார்கள், ஓரத்தில் அதிர்வு அதிகம். ஒருமுறை புதிதாக வந்த அரச அலுவலர் ஒருவர் வசதியாக இருக்கிறதே என்று சட்டியின் மேல் கட்டிய தாளில் கையை ஊன்றினார். தாள் கிழிந்து முழங்கை வரைக்கும் தயிர். சட்டிக்காரப் பெரியம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, "காசத் தாங்க, கைய ஆத்தில கழுவுங்க" என்றார்.

ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் திருவிழா. சின்னக்கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். அந்த நாட்களில் பாதைக்கு ஓய்வு இல்லை. பிள்ளையைத் தோளில் வைத்தபடி, கற்பூரப் பெட்டியைத் தலையில் வைத்தபடி, பாதை துறையைத் தொட முன்னமே "அரோகரா" என்று தொடங்கிவிடுவார்கள். சின்ன வயதில் நான் முருகன் பாதையில்தான் வருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவும் இல்லை.

இப்போது தண்ணீரைப் பற்றி. பாதை ஓடுமா ஓடாதா என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை, கடலும் தீர்மானிக்கிறது. வாவி கடலோடு சேர்கிற இடம் முகத்துவாரம், அது மழையில்லாத காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறி வட்டைகளுக்குள் புகுந்ததும் விவசாயிகள் "முகத்துவாரத்தை வெட்டுங்கள்" என்பார்கள். மீன்பிடிக்கிறவர்கள் "இப்ப வெட்ட வேண்டாம்" என்பார்கள், வெட்டினால் தண்ணீரோடு மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் நடக்கும், ஒருநாள் இயந்திரம் வந்து வெட்டும். எங்கள் வீட்டிலோ இரண்டு கட்சியும் ஒரே பாயில். அப்பாவுக்கு வயல், சின்ன மாமாவுக்கு வலை. ஒவ்வொரு மார்கழியும் இருவரும் ஒரு பத்து நாள் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். வெட்டியதும் இரண்டொரு நாளில் வாவி சடசடவென்று இறங்கும், துறையில் நேற்று முழங்காலளவு நின்ற தண்ணீர் இன்று கணுக்காலுக்கு வந்துவிடும், பாதையின் பலகை தூக்கலாக நிற்கும், கல்லும் மண்மூட்டையும் போட்டுச் சரிக்கட்டுவார்கள். அது போதாது என்று மேலேயிருந்து வெள்ளத்தோடு ஆற்றுவாழை என்கிற நீர்ச்செடி வந்து துறையை அடைக்கும். பச்சையாக, ஊதாப் பூவோடு, தூரத்துக்கு நல்ல அழகு. எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொண்டால் கத்தியோடு ஒருவர் இறங்கித்தான் வெட்ட வேண்டும். இந்த ஆற்றில் முதலையும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையைப் பற்றி இப்படி இனிக்க இனிக்க எழுதுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணம் அப்பப்பா.

அவரைப் பாம்பு கடித்தது ஒரு தை மாதம், அறுவடை நேரம், இரவு எட்டு மணிக்கு மேலே. பாதை பொழுதுபட்டதும் நின்றுவிடும். வெல்லாவெளி வீதியில் இன்னும் வெள்ளம் வற்றவில்லை. சின்ன மாமாவின் தோணியில் அவரைக் கிடத்தினார்கள், காலை அசைக்கக் கூடாது என்று யாரோ சொன்னதால் நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள், மாமா கோல் ஊன்றினார், அப்பா டோர்ச்சைக் குருமண்வெளிப் பக்கம் அடித்தபடி "ஆட்டோ! ஆட்டோ!" என்று கத்திக்கொண்டே போனார். அந்தக் குரல் தண்ணீருக்கு மேலால் வெகு நேரம் கரைக்குக் கேட்டது. நானும் அம்மாவும் துறையில் நின்றோம். டோர்ச் வெளிச்சம் சிறுத்துச் சிறுத்துப் போய், அந்தக் கரையில் இன்னொரு வெளிச்சம் அசைந்தது. யாரோ கேட்டிருக்கிறார்கள். அப்பப்பா பிழைத்தார், அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார், காலில் ஒரு கறுப்புத் தழும்போடு. ஆனால் அன்றைக்குத் துறையில் நின்ற அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "ஒரு பாலம் இருந்தா." இதைக் கேட்டு வளர்ந்தவளிடம் வந்து, பாலம் வந்தால் இந்த அழகெல்லாம் போய்விடுமே என்று கமெராவோடு நிற்கிற ஆட்கள் சொல்லும்போது, என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இல்லை, மரியாதைக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

யுத்த காலத்தில் இதே ஆறு எல்லையாக இருந்தது. எழுவான்கரை இராணுவத்தின் கையில், படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கையில், 2007 வரைக்கும் அப்படித்தான். சோதனைச் சாவடி, அடையாள அட்டை, பையைக் கவிழ்த்துக் கொட்டுதல். பெற்றோல், சீமெந்து, பசளை, டோர்ச் பற்றறி எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். எங்கள் வீட்டு மணிக்கூடு மூன்று மாதம் ஓடாமல் கிடந்தது, ஒரு பற்றறிக்காக. அம்மாவோ அதைக் கழற்றாமல் சுவரிலேயே விட்டிருந்தார், தூசி தட்டுவார்கூட. அப்புறம் 2004 மார்கழி 26. கடல் வந்த அன்று எழுவான்கரைச் சனம் ஆற்றைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது, கிடைத்த தோணியில் எல்லாம். எங்கள் விறாந்தையில் பெரியகல்லாற்றுக் குடும்பம் ஒன்று பதினொரு நாள் இருந்தது. அவர்களுடைய மகள் இப்போதும் ஆவணித் திருவிழாவுக்கு வந்தால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள், வந்ததும் அந்த விறாந்தையில்தான் இருப்பாள், கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டாள்.

பாலம் வந்த இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வடக்கே மண்முனைத்துறையிலும் பாதைதான் ஓடியது, கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான். 2014 சித்திரையில் ஜப்பானின் உதவியோடு கட்டிய பாலம் அங்கே திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைச் சித்தி பாலத்தைப் பற்றிக் குறையே சொல்லமாட்டார். முன்பு அரை நாள் பிடித்த வேலை இப்போது சோறு கொதிக்கிற நேரத்தில் முடிகிறது என்பார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "முந்தி எதிர்க்கரையில ஆருக்கு என்ன நடந்தாலும் பாதையில தெரிஞ்சிரும். இப்ப செத்தவீடு முடிஞ்ச பிறகு பேப்பர்ல பாக்கிறன்." துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் பாலம் திறந்த பிறகு கடையைப் பாலத்தடிக்கு மாற்றிப் பார்த்தார், வாகனம் யாரும் நிறுத்தவில்லை. பாதையில் வந்தவர்கள் காத்திருந்ததால்தான் குடித்தார்கள், தாகத்தால் இல்லை.

ஆனால் பாலம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் பெயர் இருக்கிறது, குறிஞ்சாக்கேணி. கிண்ணியாவில் பெரிய பாலம் 2009-இல் வந்துவிட்டது. குறிஞ்சாக்கேணிப் பக்கம் பழைய பாலத்தை மூடிப் புதியதைக் கட்டத் தொடங்கி, அதுவரைக்கும் என்று மிதவைப் பாதை ஒன்றை விட்டார்கள். 2021 நவம்பர் 23, காலை, பள்ளிக்கூட நேரம். பாதை கவிழ்ந்தது. மாணவர்கள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே போனார்கள். அந்தச் செய்தியை நான் கொழும்பில் பஸ்ஸுக்குள் போனில் பார்த்தேன். சீருடைப் பிள்ளைகள் பலகையில் கால் வைத்து ஏறுகிற படம் ஒன்று போட்டிருந்தார்கள், எங்கே எடுத்ததோ. எனக்கு அது மண்டூர்த் துறையாகவே தெரிந்தது. அன்றைக்கு ஊருக்கு எடுத்து அம்மாவிடம் கேட்டேன், நம்முடைய பாதையில் மிதப்பு அங்கி இருக்கிறதா என்று. "இருக்கு, மூட்டையாக் கட்டி மேல வெச்சிருக்கு" என்றார். மூட்டையை அவிழ்க்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை போனபோது நானே ஒன்றை எடுத்துப் போட்டேன். நாடா இற்றுப்போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பாதைக்கார மாமா சிரிக்கவில்லை, மூட்டையை அவிழ்த்துக் கம்பியில் ஒவ்வொன்றாகக் கொழுவினார். அந்தப் பயணம் மட்டும்தானா, பிறகும் அப்படியே கொழுவி வைத்திருந்தாரா என்பதை நான் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எங்களுக்கும் பாலம் வரும். ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து போகிறது. அளக்கிறார்கள், கல் நடுகிறார்கள், துறையில் நின்று படம் எடுக்கிறார்கள். வருகிறவர்களில் எந்தக் கட்சிக்காரரானாலும் பேசிமுடித்துத் திரும்பிப் போவது பாதையில்தான், அந்த நேரம் பாதை பழுதாகிவிடக் கூடாது என்று மாமா காலையிலேயே எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவார். ஒருமுறை "பாலம் வந்தா உங்களுக்கு வேலை போயிருமே மாமா" என்று கேட்டேன். "போகட்டும் புள்ள, எனக்கும் ரெண்டு பேத்தி அங்கால படிக்குதுகள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த நேரம் துறையில் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார், பாதை விட்டு இருபது அடி போயிருக்கும். மாமா எஞ்சினைக் குறைத்துப் பாதையைத் திருப்பினார். ஏறியிருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நான் மட்டும் போனில் நேரம் பார்த்தேன், அதை மாமாவும் பார்த்துவிட்டார்.

போன கார்த்திகையில் ஊருக்குப் போனேன். களுவாஞ்சிக்குடியில் பஸ்ஸால் இறங்கி, வெல்லாவெளி வீதியில் வெள்ளம் என்று கேள்விப்பட்டு, ஆட்டோ பிடித்துக் குருமண்வெளித் துறைக்கு வந்தபோது பொழுதுபட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தூறல். துறையில் என்னைத் தவிர ஒரு பெட்டைநாய் மட்டும். எதிர்க்கரையில் கோயில் விளக்கு மங்கலாகத் தெரிந்தது, பாதை எங்கே என்று தெரியவில்லை, கடைசிப் பயணம் முடிந்துவிட்டதோ என்று பயம். அம்மாவுக்கு எடுத்தேன். "அம்மா, நான் வந்துட்டன், இஞ்ச ஆக்களும் இல்ல, பாதையும் இல்ல..."

"பொறு, சத்தம் கேக்குது" என்றார் அம்மா. "இப்பதான் இஞ்சால இருந்து வெளிக்கிட்டிருக்கு. துறையிலயே நில்லு."